கிளட்ச் ஆறும்வரை

முன்னால் நின்ற பேருந்து இரண்டடி நகர்ந்ததும் அவளும் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு லாரியை நகர்த்தினாள். மேலே எங்கோ மண் சரிந்து, வண்டிகளை ஒற்றை வழியாகத்தான் விடுகிறார்களாம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பின்னால் ஏற்றியிருந்தது முழுக்க இரும்புச் சுருள்.

இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கையில் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சற்று முன்புவரை ஸ்டீயரிங் அவன் கையில்தான் இருந்தது. வேர்த்துக் கொட்டுகிறது என்று இடம் மாறிக்கொண்டான். மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதாகப் போனில் சொன்னார்கள்.

"நின்னுடாதடி... ஊர்ந்துக்கிட்டே இரு."

"இப்படி ஊர்ந்தா கிளட்ச் வெந்துடும்ங்க. இடம் கிடைக்கறவரைக்கும் பிரேக்குல நின்னு, ஒரே மூச்சா எடுக்கணும்."

"எனக்கே பாடமா?" என்று சிரிக்கப் பார்த்தான். வலி அதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டது. "நகரு. நின்னா மூச்சு முட்டுது."

இந்த வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. உள்ளே இருக்கும் கிளட்சைத் தானே இயக்கி, கியரையும் தானே மாற்றிக்கொள்ளும். ஏற்றத்தில் அடியடியாக ஊர்ந்தால் கிளட்ச் உரசி உரசிச் சூடேறும். அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் முனகும்போதெல்லாம் நகர்த்தினாள், ஓரடி, அரையடி.

டாஷ்போர்டில் எச்சரிக்கை மணி அடித்தது. கிளட்ச் சூடு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் மிதித்தால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை ஓடவிட்டாள்.

பேருந்து விலகிப் போனது. முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"ஏன்டி நிறுத்துன? வழி இருக்கே..."

"இருக்குங்க. பார்த்துட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் ஆறட்டும்."

அவன் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவன் வந்து கதவைத் தட்டித் திட்டிவிட்டுப் போனான். தோளில் இருந்த பிடி தளர்ந்து கை சரிந்தது.

"ஏங்க?"

அவள் திரும்பவில்லை.

விளக்கு அணைந்தது. மறுபடி கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, தயங்காமல் மிதித்தாள். லாரி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. வளைவு தாண்டி, சரிந்த மண்ணை உரசிக்கொண்டு போய், ஆம்புலன்ஸின் பக்கத்தில் நின்றது.

ஊழியர்கள் ஏறினார்கள். ஒருவர் அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மற்றவரைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாச்சும்மா?"

"கிளட்ச் சூடாயிடுச்சு," என்றாள்.

உயரமான கேபினிலிருந்து அவனை இறக்குவது சுலபமாக இல்லை. அவள் கால்களைப் பிடித்துக்கொடுத்தாள்.

போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார். "வழியில நிக்குதே, வண்டிய ஓரம் கட்டணும். டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்."

மறுபடி ஏறி, லாரியைப் பாறையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். அடைபட்டுக் கிடந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. சிமெண்ட் லாரிக்காரர் ஒருவர் வழிவிட்டதற்கு நன்றியாகக் கையை உயர்த்திவிட்டுப் போனார். அவளும் கையை உயர்த்தினாள்.