மேஸ்திரி வீட்டுக் கடுக்கன்

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்த எல்லப்பன் மடியில் தங்கக்கல் அகப்பட்டது. மடியில் இருந்தாலே திருட்டு, அது சட்டம். எத்தனை மாசம் என்பது மட்டும் மாஜிஸ்திரேட்டின் மனசு.

போன வாரம் இதே குற்றத்துக்குக் கந்தலோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரனை, "திருட்டு முழி" என்று சொல்லி மூன்று மாசம் உள்ளே தள்ளியிருந்தார். அதனால்தான் எல்லப்பன் பெண்டாட்டி சடையம்மா, மேஸ்திரி வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜோடி தங்கக் கடுக்கனை இரவல் வாங்கிப் புருஷன் காதில் மாட்டிக் கோர்ட்டுக்கு அனுப்பினாள். மரியாதைப்பட்ட ஆளென்று நினைக்கட்டுமே!

மாஜிஸ்திரேட்டின் கண் நேரே காதில்தான் விழுந்தது.

"கூலிக்காரனுக்கு ஏது இவ்வளவு பொன்? இவன் பழைய திருடன். ஆறு மாசம்."

"இரவல் சாமி!" என்று சடையம்மா வாசலிலிருந்து கத்தியதை யாரும் சட்டை செய்யவில்லை.

சேவகன் கடுக்கனைக் கழற்றி அவள் கையில் போட்டான். அவள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தாள். அடுத்த கைதியின் பெண்டாட்டி ஓடி வந்தாள்.

"யக்கா, அந்தக் கடுக்கன கொஞ்சம் குடுக்கா. எங்க ஊட்டுக்காரு கந்தலோட நிக்கிறாரு."

சடையம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"கந்தலுக்கு மூணு மாசம், கடுக்கனுக்கு ஆறு மாசம். உனக்கு இன்னாடி வேணும்?"