ஒரு சாண் ஏறிய இலவங்காடு

ஊரடங்கு போட்ட சித்திரையில், தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கும் போகாத ஒரு செவ்வாய்க்கிழமை, பானுப்பிரியாவின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின; பிறகு இறங்கவில்லை. போடிக்கு மேற்கே, ஏலமலைக்கு ஏறும் சரிவில் அவளுக்கு ஓர் இலவங்காடு இருந்தது. அந்த வருசம் காய் பறிக்க ஆள் வரவில்லை, லோடு ஏற்ற லாரி வரவில்லை. காய்கள் மரத்திலேயே வெடித்து, பஞ்சு மலைக்காற்றில் பறந்து, பூட்டிக் கிடந்த கடைவீதியின் ஓடுகளில் படிந்தது. அதை அண்ணாந்து பார்த்தபடி வாரக்கணக்கில் நின்றவள் பஞ்சைப்போலக் கனமற்றுப் போனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பக்கத்துக் காட்டுக் கன்னையன் மட்டும், "இலவு காத்த கிளி பறந்துதான போகும், மதினி" என்றான். "பறக்குற கிளிக்கு மூக்கும் இருக்கு கொழுந்தனாரே, தள்ளி நில்லும்" என்றாள் அவள்.

பயந்தது அவள் மகள் தமிழினிதான். அப்பா இல்லாத வீடு. காற்று சற்றுப் பலமாக அடித்தால் அம்மா போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடுவாள், இ-பாஸ் இல்லாமல் திரும்பி வரவும் விடமாட்டார்கள். அம்மாவின் இடுப்பில் ஆட்டுக்கல்லைக் கட்டிப் பார்த்தாள். கல்லும் சேர்ந்து எழும்பியது. மாவாட்ட வேண்டியிருந்ததால் அதை அவிழ்த்துவிட்டு, அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே திரிந்தாள், ரேஷன் கடை வரிசையிலும்.

ஆவணியில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. விளைச்சல் அழிந்தவர்கள் தங்கள் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், பாதம் மண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மேட்டில் தங்கும் விடுதி கட்டியிருந்தவர், ஒரு காய்கூடப் பறித்தறியாதவர், பளபளக்கும் ஷூவோடு காரிலிருந்து இறங்கி நின்றார். அவரை ஒரே தடவையில் படம் பிடித்தாயிற்று. பானுப்பிரியாவின் முறை வந்தபோது அதிகாரி செல்போனைத் தாழ்த்திப் பார்த்தார். அவள் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஓணான் ஓடியது.

"எறங்கி நில்லும்மா. கால் மண்ணுல படலைன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"இம்புட்டு வருசம் பட்டுச்சே சார், அப்ப எங்க போயிருந்துச்சு ஒங்க கம்ப்யூட்டரு?"

"அப்ப ஆளில்லாத நெலம்னுதான் எழுதணும்."

வேலிக்கு வெளியே நின்ற விடுதிக்காரர் சிரித்தார். அப்படி எழுதிவிட்டால் காடு தன் கைக்கு வர நாளாகாது என்று அவருக்குத் தெரியும். தமிழினிக்கும் தெரியும். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, எறங்கும்மா. செத்த நேரந்தான்."

"நான் எதுக்குடி எறங்கணும்? வேணும்னா மண்ணு ஏறி வரட்டும். நீ கைய விடு."

"பறந்துருவியேம்மா."

"விடு புள்ள."

மலைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தமிழினி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள்.

அம்மா பறக்கவில்லை. காடு எழும்பியது. இலவமரங்கள், கரையான் புற்று, வரப்புக்கல், அதிகாரி எல்லாம் அலுங்காமல் ஒரு சாண் ஏறின. மண் அவள் பாதத்தில் வந்து ஒட்டியது. விடுதிக்காரரின் ஷூ மட்டும் பள்ளத்தில் இருந்தது. அதிகாரி படம் எடுத்தார். அது அவருடைய சோலி. தை மாதம் நிவாரணம் வந்தது. மரங்களைக் கவாத்து செய்தார்கள், அடுத்த காய்ப்புக்கு ஆள் பிடித்தார்கள்.

காடு இன்னும் இறங்கவில்லை. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, எல்லை சரியாக இருக்கிறது, உயரம் எழுதக் கட்டமில்லை என்று சொல்லிப் போனார். ஆடுகள் குதித்து ஏறப் பழகிவிட்டன. ஓடைத்தண்ணீர் விளிம்பில் வந்து நின்று, ஒரு சாண் ஏறி, உள்ளே போகிறது. காட்டுக்குள் பானுப்பிரியா மற்றவர்களைப் போலத்தான் நடக்கிறாள். வெளியே வந்தால், சந்தையானாலும் பஸ்சானாலும், பழையபடி ஒரு சாண் மேலேதான். கண்டக்டர் முழு டிக்கெட் கிழிக்கிறார். பக்கத்தில் உட்காரும் தமிழினி முந்தானையைப் பிடிப்பதில்லை. ஜன்னலை நன்றாகத் திறந்துவைக்கிறாள்.