ஒத்துப்போகாத வெள்ளிக்கிழமைகள்

ருமேனிய வாக்கியங்களில் எந்தச் சொல் எதில் தொங்குகிறது என்று அம்புக்குறி போடுவது என் பிழைப்பு. 'மழை வரும் என்று நினைக்கிறேன்' என்றால் 'நினைக்கிறேன்' தலைச்சொல். 'மழை வரும்' என்கிற குட்டி வாக்கியம் அதன் செயப்படுபொருளாகத் தொங்கும். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

ஒரே வாக்கியத்தை நானும் உடன் வேலை செய்யும் ஸ்மரான்டாவும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. முரண்பட்டவற்றை மட்டும் வெள்ளிக்கிழமை காப்பிக் கடையில் பேசித் தீர்ப்போம். அவள் எள் தூவிய கோவ்ரிக் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னையும் கிழிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

ஆனால் பழகப் பழக இருவரும் ஒன்றுபோலவே குறிக்க ஆரம்பித்தோம். முரண்பாடு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இல்லை. சும்மா காப்பிக்கு வா என்று கூப்பிட்டுத் தொலைத்திருக்கலாம். முனைவர் பட்டம் வாங்கிய நான் அதற்குப் பதிலாக வேண்டுமென்றே தப்பாகக் குறித்தேன். செயப்படுபொருள் வாக்கியங்களைக் காரண வாக்கியம் என்று போட்டேன். என் மூளைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

"இதுகூடத் தெரியாமலா பட்டம் வாங்கின?" என்பாள் ஸ்மரான்டா. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் எங்கள் வேலையை மேற்பார்வையிடும் பேராசிரியை ஒலிம்பியா இருவரையும் கூப்பிட்டார். மாணவர்களே சரியாகச் செய்யும் எளிய வாக்கியங்கள் சிலவற்றில் நாங்கள் இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினீர்களா என்று கேட்டார். ஆமென்றால் இருவருக்கும் வேலை போய்விடும்.

"நான் வேணும்னேதான் தப்பாப் போட்டேன் மேடம்," என்றாள் ஸ்மரான்டா. "எல்லாம் சரியா இருந்தா இவன் வெள்ளிக்கிழமை வரமாட்டான்."

பேராசிரியை என்னைப் பார்த்தார்.

"நானும் அதுக்குத்தான் மேடம்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, வெகு நேரம் துடைத்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இனி முரண்பாடுகளைத் தானே தீர்ப்பாராம், வெள்ளிக்கிழமைச் சந்திப்பு கிடையாதாம்.

வெளியே வந்தோம். சாக்கு எதுவும் மிச்சமில்லை.

"காப்பிக்கு வர்றியா?" என்றேன்.

"பேசித் தீர்க்க இனிமே ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னாலும் வா."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். கடையில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் கோவ்ரிக் ரொட்டியைப் பிய்த்தாள். ரொட்டி முடிந்தபின் சொன்னாள்.

"என்னைக்காவது நீயே கேப்பன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், தெயோஃபில்."

அந்த வாக்கியத்தில் எது எதில் தொங்குகிறது என்று நான் பார்க்கவே இல்லை.