பங்குக் கடதாசி

1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே கல்லுருட்டித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கும் பழைய பெரட்டுக் கொட்டகையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை திறந்து வைக்கப்பட்டது.

திறந்து வைத்தவர் கூட்டுறவு இன்ஸ்பெக்டர். அவர் சிங்களத்தில் ஒரு மணி நேரம் பேசினார். தோட்டத்துக் கிளாக்கர் கணேசமூர்த்தி அதைக் கால் மணி நேரத்தில் தமிழில் சொல்லி முடித்தார். கடை மக்களுக்கே சொந்தமானால் மக்கள் ஒன்றுபடுவார்கள், மக்கள் ஒன்றுபட்டால் நாடு முன்னேறும் என்பது சாரம். அந்த நாடு ஆறு வருடங்களுக்கு முன்புதான் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. யாரும் அதை அங்கே எழுப்பவில்லை. கேள்விகள் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, தேத்தண்ணி பேச்சுக்கு முந்தியா பிந்தியா என்று ராக்காயி மட்டும் கேட்டாள்.

அன்று பங்கு வாங்கியவர் ஒரே ஒருவர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் அழகன். அவருக்கும் கூட்டுறவில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வேண்டிய கடிதங்களைக் கிளாக்கர்தான் இலவசமாக எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிளாக்கரின் முகத்தை முறிக்க அழகனால் முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பங்குக் கடதாசி வந்தது. அழகன் அதைத் தான் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குக் கொண்டுபோய் மனைவி சண்முகவடிவிடம் காட்டினார்.

"என்னங்க இது, சிங்கமெல்லாம் போட்டிருக்கு?"

"கடையில நமக்கும் ஒரு பங்கு இருக்குன்னு அர்த்தமாம்."

"கடை கெடக்கட்டும். ஒங்க பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. அப்பா பேரும் போட்டிருக்கு. கல்லுருட்டித் தோட்டம், அஞ்சாம் லயம்னும் போட்டிருக்கு."

சண்முகவடிவு கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடதாசியை வாங்கினாள். தலவாக்கலையில் விண்ணப்பம் எழுதிய பெரக்கிராசி வக்கீலின் ஆள் அவர்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "ஏதாவது கடதாசி இருக்கா?" இருந்ததில்லை. அழகன் துறையூர்ப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். அவள் இதே தோட்டத்தில் பிறந்தவள். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது. தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோல் பெயர்ப்பதிவுப் புத்தகங்களும் எங்கோ போய்விட்டன. விண்ணப்பம் தள்ளப்பட்டால் அழகன், அவள், மகள் மூன்று பேரும் இந்த நாட்டவர் இல்லை. அவள் பார்த்தே இராத இந்தியாவிலும் அவர்களை யாரும் கேட்கப்போவதில்லை. இப்போது அழகனின் பெயரைச் சிங்கத்தின் கீழே, நீல முத்திரையோடு, அச்சடித்த ஒரு கடதாசி அவள் கையில் இருந்தது. எதற்கான கடதாசி என்பது அவளுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஐந்தாம் லயம் முழுவதும் பார்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் வரிசை நின்றது. கீழ்ப் பிரிவிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் துப்புகிற இரண்டு தொழிற்சங்கத்தாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

சங்கத்தின் கணக்கும் முத்திரையும் கணேசமூர்த்தி கையில் இருந்தன. அவர் நேர்மையான மனிதர். "இது சாமான் வாங்குறதுக்கான சங்கம். வேற எதுக்கும் இல்ல," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

"தெரியுமுங்க ஐயா," என்றார்கள். "நீங்க அந்த முத்திரைய மட்டும் நல்லா அழுத்திக் குத்துங்க."

கல்லுருட்டித் தோட்டத்தில் தமது பேச்சுக்குப் பின் மக்களிடையே அசாதாரணமான கூட்டுறவு உணர்வு தோன்றியிருப்பதாக இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அதே பேச்சை அவர் வேறு தோட்டங்களிலும் பேசிப் பார்த்தார். அங்கே ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வரிசையின் கடைசியில் நூர்தீன் நின்றார். தோட்டத்துச் சந்தியில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து நடக்கும் மளிகைக் கடை அவருடையது. பண்டகசாலைச் சுவரில் இன்ஸ்பெக்டர் ஒட்டிவிட்டுப் போன படம் இருந்தது. பெருவயிற்றுக் கடைக்காரன் ஒருவன் தராசைப் பிடித்திருக்க, மெலிந்த ஏழைகள் அவன் காலடியில் கிடந்தார்கள். நூர்தீன் சரியாக அதன் கீழே வந்து நின்றார்.

"என்ன மொதலாளி, வழி மாறி வந்துட்டீங்களா?" என்றாள் ராக்காயி.

"இல்ல தங்கச்சி. பங்கு ஒண்ணு வாங்க வந்தேன்."

"ஒங்கள ஒழிக்கத்தான் இந்தக் கடையே. படத்துல போட்டிருக்கு பாருங்க."

"பாத்தேன். வயித்த மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டாங்க. ஒழிங்க, பரவால்ல. கடதாசியக் குடுத்துட்டு ஒழிங்க."

நூர்தீனின் தகப்பனார் காயல்பட்டினத்துக்காரர். ஆகவே சட்டம் நூர்தீனையும் இந்தியர் என்றே கண்டது. அவருடைய விண்ணப்பமும் விசாரணைக்குக் காத்திருந்தது. கணேசமூர்த்தி சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பகுதியில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று இருந்தது. கடைக்காரர் சேரக்கூடாது என்று எங்கும் இல்லை. அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. முத்திரை குத்தப்பட்டது.

கடை நடந்தது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நாலு மணிக்குப் பூட்டினார்கள். அந்த நேரம் அங்கத்தவர்கள் அனைவரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளாக்கர் வீட்டு அம்மாவும் டிஸ்பென்சர் வீட்டு அம்மாவும் பகலில் வந்தார்கள். சாமான் தெரிவு கணேசமூர்த்தியுடையது என்பதால் மீன் டின், பழப்பாகு, சப்பாத்துப் பொலிஷ் எல்லாம் இருந்தன. தோட்டத்தில் சப்பாத்து போட்டவர்கள் ஐந்து பேர். அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தது. மிளகாய், பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் அங்கத்தவர்கள் வழக்கம்போலப் பொழுது சாய்ந்தபின் நூர்தீனிடம் போனார்கள். நூர்தீன் ஹட்டனிலிருந்து கண்ணாடி போட்ட சட்டங்களும் தருவித்து வைத்திருந்தார். பங்குக் கடதாசியின் அளவு. லயங்களில் அது முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. நூர்தீன் கடையில் மக்காப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

1956 ஜூனில் அழகனின் விசாரணை நுவரெலியாவில் நடந்தது. புருஷனும் மனைவியும் கடதாசி போட்ட சட்டத்தைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு விடியற்கால பஸ்ஸில் போனார்கள். விசாரணை அதிகாரி மரியாதையானவர். இருவரையும் உட்காரச் சொன்னார். கடதாசியைச் சட்டத்திலிருந்து கழற்றச் செய்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார்.

"இது போன வருஷத்துக் கடதாசி. சட்டம் 1939ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து கேட்கிறது. அப்போது நீர் இந்த நாட்டில் இருந்தீரா?"

"இருந்தேனுங்க."

"எப்படித் தெரியும்?"

அழகன் யோசித்தார். தான் இருந்தது தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை. "எல்லாரும் பாத்திருக்காங்களே," என்றார்.

"அப்படியானால் பார்த்தவர்களைக் கூட்டி வாரும்." அதிகாரி கடதாசியைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெறுஞ்சட்டத்தோடு அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைச் சந்தியில் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு, திறப்பு விழாவுக்கு வந்ததைப் போல நாலு மடங்கு கூட்டம் வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயந்தான் இருந்தது: போட்ட காசைத் திருப்பிக் கொடு.

கணேசமூர்த்தி எழுந்து விதியை வாசித்தார். அங்கத்தவர் இந்தப் பகுதியில் வசிக்கும் வரை பங்குப் பணத்தைத் திருப்பிப் பெற முடியாது.

"அப்ப செத்தாத்தானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லாட்டி இந்தியாவுக்கு அனுப்பினா," என்றார் நூர்தீன். "அதுக்கும் அந்த விசாரணைக்காரரத்தான் கேக்கணும்."

சிரிப்பு அடங்கியபின் சண்முகவடிவு எழுந்தாள். கூட்டங்களில் அதுவரை எந்தப் பெண்ணும் எழுந்து பேசியதில்லை. தேத்தண்ணி விடயம் உட்கார்ந்தபடியே கேட்கப்பட்டது.

"ஐயா, இந்தக் கடை யாருதுங்க?"

"ஒங்களுடையதுதான்மா. நான் முதல்லருந்து அதத்தானே சொல்றேன்."

"எங்க கடைன்னா நாங்க வாற நேரத்துக்குத் தொறந்திருக்கணுமில்ல? நாங்க கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப பூட்டு தொங்குது. காசுதான் வராதுன்னு சொல்லிட்டீங்க. அந்தக் காசுக்குப் பருப்பாச்சும் வரட்டும். அந்தி நிறுவை முடிஞ்சதும் தொறங்க. ராவைக்குப் பூட்டுங்க."

"அப்ப நான் எத்தன மணிக்குச் சாப்பிடுறது?" என்றார் கணேசமூர்த்தி.

"ஐயாவுக்கு என்ன கொற," என்றாள் ராக்காயி. "கடத் தட்டுல டின் டின்னா மீன் இருக்கே."

நேரம் மாற்றப்பட்டது. அடுத்து யார் எதை வாங்கி வைப்பது என்ற கேள்வி வந்தது. நூர்தீன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"என் காசும் இதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நெத்தலி வாங்கணும்னா கொழும்புச் சரக்கு வேணாம், ஈரமா இருக்கும், இந்தப் பனிக்கு மூணு நாள்ல பூத்துரும். நான் வாங்குற எடத்துலயே வாங்கி, எனக்குச் சாமான் ஏத்துற லொறியிலயே ஒங்களுக்கும் ஏத்திட்டு வரலாம். கூலியப் பாதி பாதியாப் போட்டுக்குவோம்."

"ஒங்க கடைக்கு என்ன ஆகும், நூர்தீன் நானா?" என்று அழகன் கேட்டார்.

"அத நீங்கதான் ஒழிக்கிறதாச் சொன்னீங்களே. மெதுவா ஒழிங்க. நான் துணியும் பீடியும் விக்கிறேன்."

பெருவயிற்றுக் கடைக்காரன் படம் அந்த மாதம் கூரையில் மழை ஒழுகிய இடத்தில் செருகப்பட்டது.

அதற்குப்பின் பண்டகசாலைக்கு உண்மையிலேயே வாடிக்கையாளர் உண்டானார்கள். அந்தி நிறுவை முடிந்து கூடையோடு நேராக வந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேல் லயம், கீழ் லயம், இந்தத் தொழிற்சங்கம், அந்தத் தொழிற்சங்கம் என்ற பேதமின்றி எல்லோரும் கணேசமூர்த்தியின் தராசைச் சந்தேகித்தார்கள். தராசைப் பரிசோதிக்கக் குழு ஒன்று அமைந்தது. அதில் இரண்டு தொழிற்சங்கத்தாரும் இருந்தார்கள். தராசு சரியாக இருந்தது. அந்த முடிவையும் சேர்ந்தே சந்தேகித்தார்கள். ஒருத்தி இரண்டு அந்தி வரிசையில் காணப்படவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது போய்க் கதவைத் தட்டினார்கள். காளியாயி காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தது அப்படித்தான் தெரிந்தது. அவளைக் கம்பளியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்கள் அதற்கு முன் அவளோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவர்கள்.

வரிசையில் நிற்கும்போது பேச வேறென்ன இருக்கிறது. பழங்கதை பேசினார்கள். 1939ஆம் வருடம் அந்த வரிசையில்தான் துண்டு துண்டாகக் கிடைத்தது. பெரிய மண்சரிவுக்கு அடுத்த தைப்பொங்கல் என்றாள் ஒருத்தி. அழகனின் கலியாணம் அதற்கு முந்திய ஆவணி என்றாள் ராக்காயி. அவள்தான் மணப்பெண்ணுக்குத் தலை பின்னியவள்.

"கலியாண வீட்டுக்குப் பெட்ரோமாக்ஸ் குடுத்தது எங்க வாப்பா," என்றார் லொறிச் சாமானை இறக்க வந்திருந்த நூர்தீன். "அதோட கண்ணாடிய ஒடச்சுக் கொண்டுவந்தது ஒங்க மாமன். ஒடச்சதுமில்லாம, ஒடஞ்சேதான் குடுத்தீங்கன்னு சண்ட."

"எங்க மாமன் ஒடைக்கல்ல," என்றாள் சண்முகவடிவு. பிறகு சட்டென்று நிறுத்தினாள். "நானா, இதை விசாரணையில வந்து சொல்லுவீங்களா?"

"மாமன் ஒடச்சாருன்னு நீ ஒத்துக்கிட்டா வந்து சொல்றேன்."

அவள் ஒத்துக்கொண்டாள்.

1956 நவம்பரில் இரண்டாம் விசாரணைக்கு நாலு சாட்சிகள் போனார்கள். பஸ் கூலியைச் சங்கம் கொடுத்தது. அன்று கிளாக்கரும் கூடப் போனதால் கடை பூட்டியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அதிகாரி ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து விசாரித்தார். கலியாணம், மண்சரிவு, பெட்ரோமாக்ஸ், உடைந்த கண்ணாடி எல்லாவற்றிலும் நாலு பேரும் ஒரே சொல்லாக நின்றார்கள். கண்ணாடியை உடைத்தது மாமன்தான் என்பதில்கூட முரண்பாடு இல்லை. கடைசியாக அதிகாரி கோப்பிலிருந்த பங்குக் கடதாசியை எடுத்துக் காட்டி, அந்தச் சங்கத்தில் சாட்சியும் அங்கத்தவரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

"ஆமாங்க. தராசுக் குழுவுலயும் இருக்கேன்," என்றாள் ராக்காயி.

நூர்தீன் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. தமது கடதாசியைச் சட்டத்தோடு கொண்டுவந்திருந்தார். அதை மேசைமேல் வைத்தார்.

தீர்ப்பு 1957 பெப்ரவரியில் தபாலில் வந்தது. அந்தி வரிசை நிற்க, கணேசமூர்த்தி ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துச் சொன்னார். சாட்சிகள் அனைவரும் விண்ணப்பகாரருடன் ஒரே பண்டகசாலையின் பங்காளிகள். நாள்தோறும் சந்தித்துப் பேசிக்கொள்பவர்கள். ஒருவர் நலனில் மற்றவர் அக்கறை உள்ளவர்கள். ஆகவே அவர்களைச் சுயாதீனமான சாட்சிகளாகக் கொள்ள முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

சண்முகவடிவு கடிதத்தை வாங்கி, தன்னால் வாசிக்க முடியாத அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல எழுதிப் போட வழி இருக்காங்க ஐயா?"

"இருக்கு. மூணு மாசத்துக்குள்ள."

"எழுதுங்க," என்றாள். பிறகு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் சண்முகவடிவு சங்கத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டாள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நூர்தீனின் விண்ணப்பம் அந்த ஆண்டு ஜூலையில் நிராகரிக்கப்பட்டது. அவருடைய சாட்சிகளில் அழகனும் ஒருவர். அழகனின் மேன்முறையீடு 1958 ஒக்டோபரில் தள்ளுபடி செய்யப்பட்டது.