பதினாலா, இருபத்துநாலா

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வங்கிக் கணக்கிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டுமே வழங்கி வந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் ‘கோணம்’. எவரோடு பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, எதிரில் நிற்பவரை ஏதோ ஒரு சட்டத்துக்குள் அடக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். ஓரிடத்தில் அமர்ந்து உண்பதும் அவரால் இயலாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்தபடியே உண்பார். மேகம் திரளும் நாட்களில் அதுவும் இல்லை. தட்டு சன்னல் விளிம்பில் ஆறிக் கிடக்க, அவர் மொட்டை மாடிக்கு ஏறியிருப்பார்.

“ஒரு இடத்துல நின்னா கால் வேர் விட்டுடும்னு யாரோ சொல்லிட்டாங்க போல” என்பாள் அவர் மனைவி. கோபம் மிகும்போது அப்பெயரைச் சற்றே திருத்திக் ‘கோணல்’ என்றும் அழைப்பாள்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் வீட்டுத் தரகர்களிடம் வேலை செய்தார். விற்பனைக்கு வரும் வீடுகளை அகலக்கோண லென்ஸால் படமெடுத்துத் தருவதே அவ்வேலை. அந்த லென்ஸ் சுவர்களைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டும். இரண்டு நாற்காலிகள் இட்டால் நிறைந்துவிடும் அறை, படத்தில் கலியாண மண்டபமாக விரியும். படத்தை நம்பி வீடு பார்க்க வந்த ஒருவர், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டே, “செருப்பு விடுற இடம் நல்லாத்தான் இருக்கு, ஹால் எங்க?” என்று கேட்டதைத் தரகர் இன்றளவும் சொல்லிச் சிரிப்பார்.

ஆயினும் கோணத்தின் மனம் வீடுகளில் தங்கவில்லை. பெருமழைக்கு முன்னோடியாக, அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, சுவரில் அடித்த பரண்போல் நீண்டு தாழ்ந்து வரும் மேகம் ஒன்று உண்டு. அவரும் அவர் மனைவியின் தம்பியும் அதைப் ‘பரண்’ என்றே சொல்வர். அந்தப் பரணை, கீழே கிடக்கும் நிலத்தோடு சேர்த்து, முனை முறியாமல் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் தவிப்பு. வீட்டுப் படங்களுக்கான லென்ஸ் அதற்கு உதவவில்லை. அசையாத சுவருக்கு அதன் மங்கல் பொறுக்கும்; நகர்ந்துகொண்டே இருளும் மேகத்துக்குப் பொறுக்காது. ஒளியைத் தாராளமாக வாங்கும் புதிய லென்ஸ் வேண்டும்.

லென்ஸ் கடைக்காரம்மா இரண்டை எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தாள். ஒன்று பதினாலு மில்லிமீட்டர், மற்றது இருபத்துநாலு. எண் குறையக் குறையக் காட்சி அகலும் என்பது அத்தொழிலின் பாலபாடம். பதினாலின் முன்கண்ணாடி வெளியே பிதுங்கி நின்றது.

“இந்த முட்டைக்கண்ணு எதையும் விடாது சார். உங்க பரண் மொத்தமும் உள்ள வந்துடும். ஆனா முன்னால ஃபில்டர் மாட்ட முடியாது. மழைத்துளி நேரா கண்ணுலதான் விழும்.”

“இருபத்துநாலு?”

“சமத்துப் பிள்ளை. அடக்கமா இருக்கும், ஆனா அவ்வளவு அகலம் கிடையாது. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, புயலைப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க. ரெண்டையும் வச்சுக்கிறேன்னு மட்டும் ஆசைப்படாதீங்க, வீட்டுல சோறு கிடைக்காது.”

வீட்டில் விலைப் பேச்சே வரவில்லை. மனைவி இரு பெட்டிகளையும் பார்த்தாள், பின்பு சொன்னாள்: “கண்ணாடி எதை வேணா வாங்குங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. கூட்டிட்டுப் போற மாதிரியே முழுசா கொண்டுவந்து விடணும்.”

தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநன். புயல் நாட்களில் கோணத்துக்கு வண்டி ஓட்டுபவன் அவனே. இருவருக்கும் ஒரு நடைமுறை இருந்தது. வண்டியைப் புயலுக்கு முதுகுகாட்டி, திரும்பிப் போகும் சாலையை நோக்கி, இயந்திரத்தை அணைக்காமல் நிறுத்துவர். கோணம் வண்டிக்குப் பின்னால் முக்காலியை நாட்டி, கேமராவையும் தம் தலையையும் ஒரே மழைத்துணிக்குள் புகுத்திக்கொள்வார். புயல் எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை அவர் குரல் கொடுக்க வேண்டும். புறப்படும் நேரத்தை அவன் முடிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் பரண் வந்தது. நகரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த வெட்டவெளியில் அவர்கள் நின்றிருந்தனர். கோணம் முட்டைக்கண்ணை மாட்டித் துணிக்குள் நுழைந்தார். திரையில் மேகத்தின் இரு முனைகளும் முழுமையாக இருந்தன. எந்தப் பருவத்திலும் அவருக்கு வாய்க்காத முழுமை அது. எடுத்தார், மாற்றினார், மீண்டும் எடுத்தார்.

“மாமா, எப்படி இருக்கு?” என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தூரத்துலதான் இருக்கு மாப்ளே. உனக்கு எப்படித் தெரியுது?”

“பக்கக் கண்ணாடியில எனக்கும் தூரமாத்தான் தெரியுது.”

“அப்ப இரு, அது இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.”

காற்று திடீரெனக் குளிர்ந்தது. “மாமா, குளிருதே” என்றான் அவன். “தூரத்துலதான் இருக்கு” என்றார் அவர் மறுபடியும். திரையில் மேகம் உண்மையிலேயே தொலைவில், சிறியதாக, அழகாக இருந்தது. அப்போது துணி அவர் தலையிலிருந்து பறந்தது. நிமிர்ந்தவர் தொலைவில் எதையும் காணவில்லை. பரண் அவர் உச்சிக்கு மேலே இருந்தது.

முக்காலியோடு கேமராவை வாரிக்கொண்டு பின்னிருக்கையில் விழுந்தார். வண்டி நகர்வதற்குள் புழுதி சாலையை மறைத்துவிட்டது. எங்கிருந்தோ பெயர்ந்து வந்த தகரம் ஒன்று ஓட்டுநர்ப் பக்கத்துச் சன்னலை உடைத்தது. மைத்துனன் காதைப் பொத்திக்கொண்டான். அவன் விரலிடுக்கில் குருதி வழிந்தது. காற்று ஓயும்வரை இருவரும் இருக்கைகளுக்கிடையே குனிந்து கிடந்தனர்.

மருத்துவமனையில் காது மடலைத் தைத்தனர். தகரம் இன்னும் சற்றுக் கீழே வந்திருந்தால் கழுத்து என்றார் மருத்துவர். சேதியறிந்து ஓடிவந்த மனைவி, தம்பியின் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்; கணவரைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் கோணம் மைத்துனனின் வீட்டுக்குச் சென்றார். அவனோ கட்டுப்போட்ட காதோடு, படத்தைக் காட்டுமாறு நச்சரித்தான். படத்தில் பரண் முனை முறியாமல் இருந்தது. ஆனால் அதன் நடுவே இரண்டு மழைத்துளிகள் கொப்புளம்போல் ஊதியிருந்தன.

“அடடா, நடு நெத்தியிலயே விழுந்திருக்கு. போகட்டும் மாமா, திங்கக்கிழமை இன்னொண்ணு வருதாம். முட்டைக்கண்ணையே வச்சுக்குங்க. இந்தத் தடவை அப்பப்ப துடைச்சுட்டா தீந்துச்சு.”

“உன் காதைப் பாரு முதல்ல.”

“காது இருக்கு மாமா. போயிருந்தா மூக்குக்கண்ணாடியை எங்க மாட்டுறதுன்னுதான் கவலையா இருந்துச்சு.” சிரித்தவன், மறுபடியும் படத்தின்மேல் குனிந்தான். “இவ்வளவு தள்ளியா இருந்துச்சு அது?”

“இல்ல. தலைக்கு மேல இருந்துச்சு.”

“பக்கக் கண்ணாடியிலயும் தள்ளித்தானே தெரிஞ்சுது?” என்றவன், உடனே தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அட, அது வளைஞ்ச கண்ணாடி. கிட்ட இருக்கிறதைத் தள்ளித்தான் காட்டும். இதைத்தான் மாமா தினமும் வகுப்புல கத்துறேன். பின்னால லாரி எட்ட இருக்குன்னு நம்பி வண்டியை ஒடிக்காதேன்னு.”

சுவரைத் தள்ளிக் காட்டியே பிழைத்தவர் கோணம். ஒருவர் லென்ஸின் வழியே பார்த்தார். மற்றவன் வளைந்த கண்ணாடியில் பார்த்தான். தூரம் என்று இவர் சொன்னதற்கு அவன் சாட்சி, அவன் சொன்னதற்கு இவர் சாட்சி. இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் மறந்திருந்தனர்.

“இனிமே நீங்க துணியை விட்டு வெளிய வந்து வெறுங்கண்ணால பாருங்க. நானும் இறங்கிப் பாக்கிறேன். அவ்வளவுதானே?” என்றான் அவன்.

“ம்” என்றார் கோணம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ‘ம்’ அவரை உறுத்தியது. பரண் முழுதாகத் திரையில் நிற்கும்போது தாம் தலையை வெளியே எடுப்போமா? தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். எடுக்கமாட்டோம் என்றே பட்டது.

சனிக்கிழமை முழுதும் அவர் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் உலவினார். முட்டைக்கண்ணைப் பெட்டியில் வைத்தார், எடுத்தார், இருபத்துநாலை மாட்டினார், கழற்றினார். துளி விழாதிருந்தால் அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு அவரை விட்டபாடில்லை. மாலையில் இரண்டு லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். மனைவி அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்குப் பின் அவள் அவரிடம் பேசிய சொற்கள் மிகச் சில.

“கொஞ்சம் அப்படியே நில்லு. ஒண்ணு பாக்கணும்.”

“தம்பியை எடுத்தது போதாதா, நான் வேறயா?” என்றாளேயன்றி நகரவில்லை.

முட்டைக்கண்ணை மாட்டித் திரையில் பார்த்தார். அவள் எங்கோ மாடியின் மறுகோடியில் நிற்பதுபோல் சிறுத்துத் தெரிந்தாள். சட்டத்தில் இடம் மிகுந்து கிடந்தது. ஓரடி முன்னே வைத்தார். இன்னும் இடம் இருந்தது. மீண்டும் முன்னே வைத்தார். மீண்டும், மீண்டும். லென்ஸ் எதன்மீதோ மோதி நின்றது.

“என்னங்க இது, மூக்கை உடைச்சுடுவீங்க போலிருக்கே.”

நிமிர்ந்தார். அவள் கையிலிருந்த ஈரத்துணிமீது லென்ஸின் விளிம்பு பதிந்திருந்தது. அவள் முகம் ஒரு சாணுக்கு அப்பால் இருந்தது.

“நான் வந்தது தெரியலையா உனக்கு?”

“எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியல. எங்க வரைக்கும் வர்றீங்கன்னு பாத்துட்டு நின்னேன்.”

கோணம் திரும்பி நடந்து, இருபத்துநாலை மாட்டினார். முதலில் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். துணிக் கொடியின் ஒரு முனை வெட்டுப்பட்டது. ஓரடி பின்னே வைத்தார். அப்போதும் மறுமுனை வெட்டுப்பட்டது. இன்னும் பின்னே போனார். கொடி முழுதும், அவளும், உலர்த்திய துணிகளும் சட்டத்துக்குள் அடங்கியபோது அவர் முதுகு படிக்கட்டுச் சுவரில் முட்டியது.

அங்கேயே நின்றார். முட்டைக்கண் அவரை முன்னே இழுத்தது. இருபத்துநாலோ, முழுதும் வேண்டுமானால் பின்னே போ என்றது. இதில் அவருடைய மனவுறுதிக்கு வேலையே இல்லை, வேலை கால்களுக்குத்தான். பரணை முழுதாகப் பிடிக்க வேண்டுமானால் அது உண்மையிலேயே தொலைவில் இருக்கும்போதே பிடித்தாக வேண்டும். நெருங்கிவிட்டால் முனை வெட்டுப்படும், படம் கெடும், அவரே கேமராவை மடக்கிவிடுவார். அவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தால் முன்னிலத்தின் ஆழமும், மேகம் கவிந்து வரும் அச்சமும் படத்தில் குறையும். அதையும் அவர் அறிந்தே இருந்தார்.

“திங்கக்கிழமை அவனைக் கூப்பிடப் போறீங்களா?” என்று அவள் கேட்டாள். குரலில் சினம் இல்லை. ஆகவே அவருக்கு அது இன்னும் கடினமாக இருந்தது.

“அவனே வர்றேங்கிறான்.”

“அவன் வருவான். நீங்க குழியில இறங்குன்னாலும் ஆழம் எவ்வளவு மாமான்னு கேட்டுட்டு இறங்குவான். நீங்க சொல்றதைத்தானே அவன் நம்புறான்.”

கோணம் கைப்பேசியை எடுத்துக் கடைக்காரம்மாவை அழைத்தார்.

“மேடம், பதினாலைக் காலையில திருப்பிக் கொண்டு வர்றேன். இருபத்துநாலு என்கிட்ட இருக்கட்டும்.”

“என்ன சார், முட்டைக்கண்ணு நல்லா இல்லையா? மேகம் மொத்தமும் வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன? இதுல அவ்வளவு அகலம் கிடைக்காதே.”

“கிடைக்காதுதான்” என்றார் கோணம். “நான் தள்ளி நின்னு எடுத்துக்கிறேன்.”