பெற்றவள் என்றே எழுதுங்கள்

டிப்போவில் அவளை எல்லோரும் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண். கணவன் வெளிநாட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். அவளும் மகளும் அவனோடு போய்ச் சேர விசா கேட்டிருந்தார்கள். ஒரே குடும்பம்தான் என்பதற்கு டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும் என்றது விசா அலுவலகம். அதற்கென்ன என்று, அவன் அங்கேயும் இவர்கள் இங்கேயுமாக மூன்று பேரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தார்கள்.

முடிவைச் சொல்ல அழைத்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“அப்பா பொருந்துதும்மா. நீங்கதான் பொருந்தல. இந்தப் பொண்ணை நீங்க பெத்திருக்க முடியாதுன்னு வந்திருக்கு. ஆனா உறவு இருக்கு, பெரியம்மா, சித்தி மாதிரி. உங்க கூடப்பிறந்தவங்க யாராவது…”

“நான் ஒரே பொண்ணு சார்!”

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட கணவன் ஃபோனில் அலறினான். “அடிப்பாவி, இல்லாத மச்சினிச்சியோட என்னைச் சேர்த்து வெச்சுட்டாங்களே!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

“அழாதே. நீ பெத்தது எனக்குத் தெரியாதா?” என்றான் அவன்.

ஆனால் உறவுக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? கணவனின் சித்தப்பா, பார்க்கிற ஆளுக்கொரு கதையாகக் கட்டிவிட்டார். அதைக் கேட்டுக் கொதித்துப்போய் வந்து நின்றவள், யாரும் எதிர்பாராத ஆள். அவளோடு முகம்கொடுத்துப் பேசியே பல காலமான நாத்தனார்.

“கிளம்பு. நானும் வரேன்” என்றாள்.

அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நாத்தனார் உட்காரக்கூட இல்லை.

“பிரசவ அறையில நான் பக்கத்துல நின்னேன் சார். வலியில இவ என் கையைப் பிடிச்சு நசுக்கினதுல விரலே வீங்கிப்போச்சு. குழந்தையோட தலை வெளிய வந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். உங்க மெஷின் பார்த்துச்சா?”

அதிகாரி நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். “வளர்ப்புத் தாய்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. சீக்கிரமே விசா வந்துடும்.”

“போட்டுடேன், வெறும் காகிதம்தானே” என்று நாத்தனாரும் கிசுகிசுத்தாள்.

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். “வளர்ப்புத் தாய்னா என்னம்மா?”

பேனா மேஜைக்கே திரும்பியது.

“வளர்க்கிறது ஒண்ணும் குறைச்சல் இல்ல சார். அதையும் நான்தான் செய்யறேன். ஆனா பெத்ததும் நான்தான். பெத்தவள்னே எழுதுங்க. இல்லாட்டி இந்த விசாவே வேண்டாம்.”

அந்தப் பிடிவாதம் அதிகாரியை யோசிக்க வைத்தது. பெரிய மருத்துவமனையில் மரபணு மருத்துவம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் அவளை அனுப்பிவைத்தார்.

டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கேட்டது வேறு கேள்வி. “உடம்புல எங்கயாவது தோல் ரெண்டு நிறமா இருக்கா?”

அவள் திகைத்துப்போய் முதுகைக் காட்டினாள். நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு. டாக்டர் அந்தத் தோலிலிருந்தும், முடியின் வேரிலிருந்தும், கர்ப்பப்பை வாயிலிருந்தும் மாதிரிகள் எடுத்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று டாக்டரே எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க அம்மா வயித்துல முதல்ல ரெண்டு கரு இருந்திருக்கு. ஆரம்பத்துலயே ரெண்டும் சேர்ந்து ஒரே ஆளா நீங்க பிறந்திருக்கீங்க. கன்னத்துல எடுத்தது ஒரு கருவிலிருந்து வந்தது. கர்ப்பப்பை வாயில எடுத்தது இன்னொண்ணு. அதுதான் உங்க மகளோட அச்சா பொருந்துது. ரொம்ப அபூர்வம்மா.”

“அப்போ நான் யாரு டாக்டர்?”

“ரெண்டும் சேர்ந்த முழு ஆள். சந்தேகமே இல்லாம பெத்த அம்மா.”

விசா அலுவலகத்தில் அதிகாரி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். புதிய தாளில் ‘பெற்ற தாய்’ என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்.

“இன்னொரு தடவை படிங்க சார். கொஞ்சம் சத்தமா” என்றாள் அவள். அவரும் படித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் தலைநிமிர்ந்து, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

வெளியே நடைபாதைக்கு வந்ததும் நாத்தனார் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, முதல் வேலையாகச் சித்தப்பாவை அழைத்தாள்.

“சித்தப்பா, உட்கார்ந்திருக்கீங்களா? உட்காருங்க. எங்க வீட்டு மருமக யாருன்னு சொல்றேன், கேளுங்க!”

‘விடுங்க அண்ணி’ என்று தடுத்திருக்கலாம். அவள் தடுக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் நின்று கேட்டாள்.