எழுநூற்று எண்பது மெகாஹெர்ட்ஸ்

கையடக்கக் கணினி நான்காம் முறையாக உறைந்தபோது மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு ரயில். அதற்குள் விரிசல் எந்த இடத்தில் என்று சொல்லியாக வேண்டும்.

விரிசல் உண்டு என்பது தெரியும். ஒன்பது கிலோமீட்டர் தண்டவாளத்தைச் சோதித்து முடித்ததும் ‘குறை: 1’ என்று திரையில் வந்தது, இடத்தைக் காட்டும் பக்கம் திறப்பதற்குள் கணினி நின்றுவிட்டது. இடம் தெரியாவிட்டால், பாதையை மூடிவிட்டு ஒன்பது கிலோமீட்டரையும் மறுபடி நடக்க வேண்டும்.

தவறு சோதனையாளருடையது. கருவி மந்தமாக இருக்கிறது என்று காலையில் அவள்தான் பிராசஸரின் வேகத்தை 624 மெகாஹெர்ட்ஸிலிருந்து 780க்கு உயர்த்தினாள். தாங்குமா என்று பார்க்குமுன்பே, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே வேகம் என்ற கட்டத்தையும் தட்டிவைத்தாள். காலைக் குளிரில் தாங்கிய கருவி மதிய வெயிலில் தாங்கவில்லை; அணைத்துப் போட்டாலும் அதே சூடு, அதே உறைவு. முதலில் நாற்பது நொடி ஓடியது; பிறகு முப்பத்து நான்கு; இப்போது இருபத்தொன்பது.

சோதனை வண்டியைத் தள்ளும் கொழுந்தன் தலைக்கவசத்தால் கணினிக்கு விசிறினான்.

“எங்க அண்ணனையும் இப்படித்தான் விரட்டுறீங்க, அண்ணி. அவர் நின்னா திரும்ப ஓடவே மாட்டார்.”

வாயை மூடிக்கொண்டு நொடிகளை எண்ணச் சொன்னாள்.

நிழலில் பதினைந்து நிமிடம் ஆறவைத்து, மீண்டும் இயக்கினாள். விரிசல் பக்கத்துக்கு ஒரே தட்டு போதும். ஆனால் கணினி திணறுவதே அங்கேதான். வேகத்தைக் குறைக்க ஐந்து திரைகள் தாண்ட வேண்டும். மனம் முதலாவதைக் கேட்டது; விரல் இரண்டாவதற்குப் போனது.

முப்பதாம் நொடியில் நான்காம் திரை. முப்பத்தாறில் ஐந்தாவது. 624ஐத் தேர்ந்தாள். உறுதிதானா என்று கேட்டது கணினி.

“முப்பத்தொன்பது. அதுல என்ன யோசனை, அண்ணி?”

தட்டினாள். திரை அசையவில்லை. பிறகு, அவசரமே இல்லாமல், 624 என்று வந்தது.

விரிசல் பக்கம் வரிவரியாக விரிந்துகொண்டிருக்கையில் கைபேசி ஒலித்தது. பாதை மேற்பார்வையாளர்.

“சுத்தம்தானே? சிக்னல் கொடுத்துரலாமா?”

“கொடுக்காதீங்க சார்.” கடைசி வரி வரும்வரை பொறுத்தாள். “ஆறாவது கிலோமீட்டர், நானூத்திப் பன்னிரண்டு மீட்டர். இடது தண்டவாளம்.”

விரிசலுக்கு இரும்புப் பட்டை போடும் குழுவை அங்கே விரட்டிவிட்டு, அவர் மீண்டும் பேசினார்.

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?”

“கருவியோட வேகத்தைக் கூட்டினேன் சார். அதனாலதான்.”

அதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்.